அளவு பிடியில் இருக்கிறது

(கோவையில் தொழிற்பயிற்சி மாணவர்களும் சிறு பட்டறை நடத்துவோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லேத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். லேத்தைப் பற்றித் தொடங்கினால் விடிந்துவிடும். உங்களில் பாதிப் பேருக்கு நாளைக் காலை ஷிஃப்ட் இருக்கிறது. அதனால் பேச்சை ஒரு சின்னப் பொருளுக்குள் அடக்கிக்கொண்டேன். வெளிவிட்டம் 10 மில்லிமீட்டர், உள்துளை 8 மில்லிமீட்டர், நீளம் 12 மில்லிமீட்டர். ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு. ஸ்பேசர் என்பீர்கள், ஸ்லீவ் என்பீர்கள், புஷ் என்பீர்கள். அதை லேத்தில் சரியான அளவுக்கு வெட்டுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இதில் பேச என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. பட்டறையில் இந்த வேலைக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான். ஷாஃப்ட், கியர் பிளாங்க், த்ரெட் என்றால் மூத்த டர்னரிடம் போகும். குழாய்த் துண்டு வந்தால், "குழாய்தானே, அறுத்து ரெண்டு பக்கமும் ஃபேஸிங் போட்டுக் குடுறா" என்று நேற்றுச் சேர்ந்த பையனிடம் தள்ளிவிடுவார்கள். என் அபிப்பிராயம் நேர்மாறானது. கம்பியைக் கடையும்போது செய்கிற பிழையில் முக்கால்வாசியைக் கம்பியே தாங்கிக்கொள்ளும். மெல்லிய குழாய் எதையும் தாங்காது. ஷாஃப்டைப் பையனிடம் கொடுத்துவிட்டுக் குழாயை மூத்தவர் எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

நம்மூருக்கும் இந்தத் துண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கியது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தது எல்லாம் நீங்கள் அறிந்த கதை. மோட்டார் வந்தபின் பம்பு வந்தது. ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கும் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீளமான ஒரு ஷாஃப்டில் இம்பெல்லர்கள் வரிசையாக நிற்கும். சில வடிவமைப்புகளில் ஒவ்வொரு இம்பெல்லருக்கும் நடுவே ஒரு குழாய்த் துண்டைக் கோத்து, கடைசியில் நட்டைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். பதினைந்து ஸ்டேஜ் பம்பு என்றால் ஏறக்குறைய பதினைந்து துண்டு.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு துண்டும் 0.05 மி.மீ. குட்டை. தனியாகப் பார்த்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பதினைந்தைக் கோத்தால் 0.75 மி.மீ. கடைசி இம்பெல்லர் தன் இடத்தைவிட்டு முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்து நின்று கூட்டில் உரசும். "ஒன்று கூடும், ஒன்று குறையும், மொத்தத்தில் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். வேறுவேறு கைகளில் செய்த துண்டாக இருந்தால் ஓரளவு அப்படி நடக்கும். ஒரே ஆள், ஒரே ஸ்டாப் வைத்து, ஒரே நாளில் வெட்டிய துண்டுகளில் நடக்காது. ஸ்டாப் 0.05 தள்ளி நின்றால் அத்தனை துண்டும் ஒரே பக்கம்தான் தவறும்.

நீளத்தைவிடவும் எனக்குப் பெரிய கவலை முகம். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. விட்டத்தில் ஒரு பக்கம் 0.02 மி.மீ. உயர்ந்திருக்கிறது. அதே சாய்வை 100 மி.மீ. தூரத்துக்கு நீட்டினால் 0.2 மி.மீ. வருகிறது. நட்டை இறுக்கும்போது அந்தச் சாய்ந்த முகம் ஷாஃப்டை வளைக்கப் பார்க்கும். ஷாஃப்டை நேர் எடுத்தவர் ஒரு டர்னர். அதை வளைத்தது வேறொரு டர்னர் வெட்டிய குழாய். பேரிங் போகும்போது பழி பேரிங் கம்பெனி மேல் விழும்.

சரி, குழாய் ஏன் இப்படிச் சண்டித்தனம் செய்கிறது? அது பலவீனமான பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு வகையில் பார்த்தால் அது கெட்டிக்காரப் பொருள். 10 மி.மீ. திடக் கம்பியையும், நம் 10க்கு 8 குழாயையும் பக்கத்தில் வையுங்கள். குழாயின் எடை கம்பியின் எடையில் நூற்றுக்கு 36 பங்குதான். வளைவைத் தாங்கும் விறைப்போ நூற்றுக்கு 59 பங்கு இருக்கிறது. சைக்கிள் ஃபிரேமைக் குழாயில் செய்வது இதனால்தான். ஆகவே குழாய் சுலபமாக வளையாது. அது நசுங்கும். பப்பாளி இலைக்காம்பை இழுத்து வளைத்தால் எதிர்த்து நிற்கும். இரண்டு விரலால் பிதுக்கினால் உடனே அமுங்கிவிடும். இந்த வேற்றுமை புரியாமல், கம்பியைக் கட்டுகிற மாதிரியே குழாயையும் சக்கில் கட்டுகிறோம். பிரச்சினை அங்கே தொடங்குகிறது.

மூன்று ஜா சக்கில் குழாயைக் கட்டி இறுக்குகிறீர்கள். மூன்று இடத்தில் சுவர் உள்ளே போகிறது. அந்த மூன்றுக்கும் நடுவே வெளியே பிதுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. இந்த நிலையில் போரிங் டூலை உள்ளே விட்டு 8 மி.மீ. துளையைச் சுத்தமாகக் கடைகிறீர்கள். லேத் பொய் சொல்லாது, துளை அருமையான வட்டம். பிறகு சக்கைத் தளர்த்துகிறீர்கள். அமுங்கியிருந்த சுவர் தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஜா இருந்த மூன்று இடத்திலும் துளை பெருத்துப்போகிறது, நடுவே சிறுத்துப்போகிறது. கட்டியிருந்தபோது வட்டம், கழற்றியபின் மூன்று புடைப்பு.

இதைவிட வேடிக்கை அளவெடுப்பதில் இருக்கிறது. பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி கேட்டார்: "ஏனுங்கண்ணா, வெர்னியர்ல எந்தப் பக்கம் வச்சாலும் எட்டே எட்டுதான் காட்டுது. அப்புறம் ஏனுங்க எட்டு மில்லி ஷாஃப்ட் உள்ளே போகமாட்டேங்குது?" மிக நல்ல கேள்வி. மூன்று ஜா சக்கில் ஒரு ஜாவுக்கு நேர் எதிரே இன்னொரு ஜா கிடையாது, இடைவெளிதான் இருக்கிறது. ஆக, துளை பெருத்த இடத்துக்கு நேர் எதிரே சிறுத்த இடம் வருகிறது. இந்தப் பக்கம் கூடியதை அந்தப் பக்கம் குறைந்தது சரிக்கட்டிவிடும். இரண்டு முனையால் தொட்டு அளக்கும் எந்தக் கருவியும் இந்தப் பொருளை வட்டம் என்றே சொல்லும். ஷாஃப்ட் மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்று ஒரு பட்டறைக்காரர் இருந்தார். 1800 வாக்கில் மரை வெட்டும் லேத்தை உருப்படியாகச் செய்து காட்டியவர். பெஞ்சில் வைத்து அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றும் செய்தார். பட்டறையில் அளவுத் தகராறு வந்தால் அந்த மைக்ரோமீட்டர் சொல்வதே தீர்ப்பு. அதனால் அதற்கு 'லார்டு சான்சலர்', அதாவது அந்நாளில் அந்நாட்டு நீதித்துறைக்குத் தலைவரான நீதிபதி என்றே பெயர் வைத்திருந்தார்கள். இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மூன்று புடைப்புக் குழாயை அந்த நீதிபதியின் முன்னே நிறுத்தினால், அவரும் குற்றமற்றது என்றுதான் விடுவித்திருப்பார்.

அப்படியானால் எதை வைத்துப் பிடிப்பது? இரண்டு வழி. ஒன்று, 'கோ' பிளக் கேஜ். நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் தப்பு, விவாதமே இல்லை. இரண்டு, சுவரின் தடிப்பைச் சுற்றிலும் ஆறு இடத்தில் அளப்பது. இதற்குக் குழாய் மைக்ரோமீட்டர் என்று தனியாக வருகிறது. ஒரு முனை உருண்டையாக இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டரின் தட்டை முனை, வளைந்த உட்சுவரில் ஓரங்களில் மட்டும் தொட்டு, தடிப்பைக் கூட்டிக் காட்டும். தனி மைக்ரோமீட்டர் வாங்க முடியாதவர்கள் ஒரு சின்ன பேரிங் குண்டை உள்ளே வைத்து அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்துக்கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை, பழைய பேரிங் எந்தப் பட்டறையில் இல்லை?

நோயைச் சொல்லியாயிற்று, மருந்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துப் போங்கள்: பிளவு புஷ்.

அலுமினியமோ பித்தளையோ, சுமார் 25 மி.மீ. கம்பித் துண்டு ஒன்று எடுங்கள். வெளியே ஒரு காலர் விட்டுக் கடையுங்கள். சக்கின் ஜா முகத்தில் காலர் வந்து உட்காரும், புஷ் உள்ளே நழுவாது. அதை உங்கள் சக்கிலேயே கட்டி, குழாயின் வெளிவிட்டத்துக்குச் சரியாகத் துளை போடுங்கள். குழாய் கையால் தள்ளினால் நுழைய வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. ஒன்றாம் நம்பர் ஜா எங்கே நிற்கிறதோ அங்கே புஷ்ஷில் ஒரு பஞ்ச் குத்திக்கொள்ளுங்கள். கழற்றி, நீளவாக்கில் ஹாக்சா பிளேடால் ஒரே ஒரு பிளவு. பிளவு இரண்டு ஜாக்களுக்கு நடுவே வரட்டும். பிசிறு எடுத்து, பஞ்ச் அடையாளம் பார்த்து அதே இடத்தில் திரும்பக் கட்டுங்கள். இனிக் குழாயை அதற்குள் விட்டு இறுக்கினால், மூன்று ஜாவின் அழுத்தம் மூன்று புள்ளியில் குத்தாமல் சுற்றிலும் பரவிவிடும். சக்கில் 0.05, 0.1 அவுட் அடித்தால்கூடக் கவலை இல்லை. துளையை அந்தச் சக்கிலேயே போட்டதால், துளை சுழல்மையத்தில்தான் ஓடும்.

இதிலேயே இன்னொரு படி முன்னே போகலாம். துளையைப் புஷ் முழுக்கப் போடாமல், 8 மி.மீ. ஆழத்தோடு நிறுத்தி, அதற்குப் பின்னே சற்றுச் சிறிய துளையாகத் தொடருங்கள். உள்ளே ஒரு படி கிடைக்கும். துளையும் படியும் ஒரே கட்டில் கடைந்தவை. ஆகவே படியின் முகம் சுழல்மையத்துக்குச் செங்குத்து. ஒரு முகம் முடிந்த துண்டைத் திருப்பி இந்தப் படியில் உட்காரவைத்தால், 4 மி.மீ. வெளியே நிற்கும். இரண்டாம் முகத்தை ஃபேஸிங் போட்டால் அது முதல் முகத்துக்கு இணையாக வந்தே தீரும். கேரேஜை லாக் செய்துவிட்டால் நூறு துண்டும் ஒரே நீளம். நான் பம்புத் துண்டுக்குச் சொன்ன இரண்டு கவலையும் இந்த ஒரு படியில் அடங்கிவிடும்.

படியின் மூலையில் சின்னக் காடி ஒன்று இழுத்துவிடுங்கள். குழாய் ஓரத்தில் பிசிறு இருந்தால் அது காடிக்குள் போகும், துண்டைத் தூக்காது. ஒவ்வொரு துண்டு மாற்றும்போதும் படியைத் துடைக்க வேண்டும். ஒரு பித்தளைத் துகள் அங்கே மாட்டினால் துண்டு சாய்ந்து உட்காரும், நாம் பட்ட பாடெல்லாம் வீண்.

காலெட் சக் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் என்ன தேவை என்பார்கள். காலெட் நல்ல பொருள்தான், சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். ஆனால் இரண்டு விஷயம். இறுக்கும்போது காலெட் ஜாபையும் சேர்த்துக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பது குழாயின் விட்டத்தையும் உங்கள் கைப்பலத்தையும் பொறுத்தது. இறுக்குமுன் வைத்த நீளம் இறுக்கியபின் இருக்காது. அதனால் இறுக்கிய பிறகே முகத்தைத் தொட்டு அளவு எடுங்கள். இரண்டாவது, குட்டைத் துண்டைக் காலெட்டின் வாயில் மட்டும் பிடித்தால் பின்பக்கம் காலியாகச் சுருங்கி, முன்பக்கம் சாய்ந்து பிடிக்கும். அதே விட்டத்தில் ஒரு கம்பித் துண்டைப் பின்னால் போட்டு வையுங்கள், காலெட் நேராக மூடும்.

இனி வெட்டுக்கு வருகிறேன். பிடி சரியானால் வெட்டு முக்கால்வாசி முடிந்தது என்பதால் இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

பார்ட்டிங் டூல் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். நம் குழாயின் சுவர் 1 மி.மீ.தான். திடக் கம்பியை வெட்ட மையம் வரை போக வேண்டும். குழாயில் ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் வேலை முடிந்தது. அப்படியிருக்க, 25 மி.மீ. நீட்டிய பிளேடை அப்படியே வைத்துக் குழாயை வெட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். 3 மி.மீ. நீட்டினால் போதும். உடைந்த பவர் ஹாக்சா பிளேடு துண்டைச் சாணையில் பிடித்து டூலாக்குவது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். சின்னக் குழாய்க்கு அது போதுமானது, மெல்லிசாக இருப்பதால் பொருளும் மிச்சம்.

டூல் முனை மைய உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் படித்த பாடம். சின்ன விட்டத்தில் அது எவ்வளவு முக்கியம் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. முனை அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், 50 மி.மீ. விட்டத்தில் வெட்டும் கோணம் ஒரு பாகை மாறும். 10 மி.மீ. விட்டத்தில் அதே அரை மில்லிமீட்டர் ஏறக்குறைய ஆறு பாகையை மாற்றிவிடும். பார்க்கச் சுலபமான வழி: டூல் முனைக்கும் குழாய்க்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலை மெதுவாகப் பிடிக்க விடுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. மெதுவாக என்று சொன்னதைக் கவனியுங்கள், அழுத்தினால் குழாய் நசுங்கும்.

பித்தளைக்கு டூலின் மேல்முகம் தட்டையாக இருக்கட்டும். இரும்புக்குச் சரிவு பிடித்த டூலை அப்படியே பித்தளையில் விட்டால் அது பொருளைக் கவ்விக்கொண்டு உள்ளே பாயும்; மெல்லிய குழாய் அந்த இழுப்பில் சுருண்டுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு சுபாவம். டூல் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு நின்றால் அந்த இடம் இறுகிக் கெட்டியாகிவிடும், அடுத்த சுற்றில் டூல் முனை போகும். தயங்காமல், நிறுத்தாமல் ஃபீட் கொடுங்கள். வேகத்துக்குத் தெரிந்த கணக்குத்தான்: பித்தளைக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் என்று வைத்தால் 10 மி.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 1,900 சுற்று வரும். பார்ட்டிங்குக்கு அதில் பாதி போதும்.

நீளத்துக்குக் கணக்கு இது. குழாய் முகத்தை ஃபேஸிங் போட்டபின், பார்ட்டிங் டூலின் சக் பக்கத்து ஓரத்தை அந்த முகத்தில் தொடவைத்து டயலைப் பூஜ்யம் செய்யுங்கள். துண்டின் நீளத்தோடு டூலின் அகலத்தையும் கூட்டி அவ்வளவு நகர்த்துங்கள். 12 மி.மீ. துண்டு, 2 மி.மீ. டூல் என்றால் 14. ஆனால் நான் 14 வைக்கமாட்டேன், 14.2 வைப்பேன். பார்ட்டிங் டூல் மெல்லியது, வெட்டும்போது பக்கவாட்டில் கொஞ்சம் ஒதுங்கும், அது விட்டுச்செல்லும் முகம் நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த 0.2ஐப் படி வைத்த புஷ்ஷில் திருப்பிக் கட்டி எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் முடித்த துண்டு என்று பெருமை பேசுபவரிடம் இரண்டு முகத்தையும் டயல் கேஜில் காட்டச் சொல்லுங்கள்.

கடைசி நூலளவை எடுக்க இன்னொரு உபாயம். காம்பவுண்டு ஸ்லைடைக் கிராஸ் ஸ்லைடின் திசையிலிருந்து ஐந்தேமுக்கால் பாகை திருப்பி வைத்தால், காம்பவுண்டு டயலில் 0.1 நகர்த்தும்போது நீளவாக்கில் டூல் 0.01 மட்டும் நகரும். தேய்ந்த பழைய லேத்தில்கூட நூறில் ஒரு மில்லிமீட்டரை நிதானமாகத் தொடலாம். டயலை எப்போதும் ஒரே திசையில் திருப்பி வர வேண்டும், இல்லாவிட்டால் மரையின் ஆட்டம் அந்த உபாயத்தையே விழுங்கிவிடும்.

டூலின் முன்முனையைச் சற்றுச் சாய்த்துச் சாணை பிடித்தால் துண்டு பிசிறில்லாமல் விழும், பிசிறு சக்கில் இருக்கும் குழாயிலேயே தங்கிவிடும் என்று ஒரு வழக்கம் உண்டு. உண்மைதான். ஆனால் சாய்ந்த முனை டூலைப் பக்கவாட்டில் தள்ளும், முகம் குழியும். பிறகு எப்படியும் இரண்டாம் முகம் எடுக்கப் போகிறோம் என்றால் அந்தச் சாய்வு வேண்டாம். குழாய்க்குள் இறுக்கமாக ஒரு மரக்குச்சியைச் செருகி, அதன் மேல் வெட்டுங்கள். உட்சுவருக்கு முட்டுக் கிடைக்கும், பிசிறு பாதியாகும். வெட்டு முடிந்ததும் துண்டு துகள் குவியலில் விழுந்து காணாமல் போகவும் செய்யாது.

பிசிறு எடுத்த பிறகுதான் நீளத்தை அளக்க வேண்டும். உள் ஓரத்தில் நிற்கும் பிசிறையும் சேர்த்து அளந்துவிட்டு, "அளவு சரி" என்று பெட்டியில் போடும் துண்டு, பம்பில் நட்டை இறுக்கியதும் பிசிறு அமுங்கிக் குட்டையாகும்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அளவு தவறினால், "கோடை காலங்க, பித்தளை விரிஞ்சிருக்கும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கான பொது வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் என்று 1931இலேயே உலக அளவில் முடிவு செய்துவிட்டார்கள். நம் பட்டறை 35 பாகை என்று வைப்போம். 12 மி.மீ. பித்தளை அந்த 15 பாகைக்கு விரிவது மூன்றரை மைக்ரான். அளக்கும் இரும்பு மைக்ரோமீட்டரும் கூடவே விரிகிறது. ஆக வித்தியாசம் இரண்டு மைக்ரானுக்கும் கீழே. 0.05 தவறிய துண்டுக்கு வெயில் பொறுப்பாகாது. 100 மி.மீ., 200 மி.மீ. விட்டமுள்ள வேலையில் சூடு பெரிய விஷயம். நம் துண்டில் அது ஒரு சாக்கு.

மாட்ஸ்லேயிடம் ஒருமுறை திரும்பிப் போகிறேன். அவர் காலத்துக்கு முன்னால் உலோகம் கடைபவர்களில் பெரும்பாலோர் டூலைக் கையில் பிடித்து, ஒரு தாங்கியில் ஊன்றிக் கடைந்தார்கள். நம் ஊர் மரக் கடைசல்காரர் இன்றும் அப்படித்தான் உளியைப் பிடிக்கிறார். மரத்துக்கு அது போதும், அழகாகவும் வரும். டூலைக் கையிலிருந்து பிடுங்கி இரும்பு ஸ்லைடில் பூட்டும் முறையை லண்டன் பட்டறைகளில் வேரூன்றச் செய்தவர் மாட்ஸ்லே. அப்போதுதான் அளவு கைவாகை விட்டு மிஷினுக்குள் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தில் கடிகார உதிரிபாகம் செய்தவர்கள் மறுபக்கத்தைக் கவனித்தார்கள். டூல் உறுதியாக நிற்கிறது, மெல்லிய கம்பிதான் டூலைக் கண்டு விலகுகிறது. அதற்கு அவர்கள் கண்ட வழி, கம்பியை ஒரு வழிகாட்டிப் புஷ் வழியாக வரவிட்டு, அந்தப் புஷ்ஷின் வாயிலேயே டூலை நிறுத்துவது. ஹெட்ஸ்டாக் நகரும், வெட்டும் இடமும் தாங்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும். சுவிஸ் டைப் லேத், ஸ்லைடிங் ஹெட் என்று இன்று லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோமே, அதன் உயிர் இந்த ஒரு எண்ணம்தான். சுவிட்சர்லாந்தின் மூட்டியே என்ற சிற்றூர் இந்த மிஷினை வைத்தே உலகப் பெயர் எடுத்தது. நான் சொன்ன ஹாக்சா பிளவு போட்ட அலுமினியப் புஷ்ஷும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், ஏழை வீட்டுப் பிள்ளை.

சி.என்.சி. வந்துவிட்டது, இதெல்லாம் எதற்கு என்று மாணவர்கள் நினைக்கலாம். சி.என்.சி.யில் சக் அழுத்தத்தைக் குறைக்காமல், சாஃப்ட் ஜாவைக் குழாயின் விட்டத்துக்குக் கடையாமல் அதே மெல்லிய குழாயைக் கட்டிப் பாருங்கள். அதே மூன்று புடைப்பு வரும், நிமிடத்துக்கு அதிகத் துண்டாக வரும். அவ்வளவுதான் வேறுபாடு.

பாதுகாப்புக்கு இரண்டு சொல்லாமல் இறங்கமாட்டேன். சுழலும் குழாயின் துளைக்குள் எமரி பேப்பரைச் சுற்றிய விரலை விடாதீர்கள். உள்ளே பேப்பர் கவ்வினால் விரல் திரும்ப வராது. பேப்பரை ஒரு மரக்குச்சியின் பிளவில் மாட்டி விடுங்கள். அடுத்து, நீளமான குழாயை ஸ்பிண்டில் வழியாக விட்டுப் பின்பக்கம் தொங்கவிட்டு வேகத்தைக் கூட்டாதீர்கள். பின்னால் நீண்டிருக்கும் பகுதி திடீரென்று வளைந்து சாட்டையாகச் சுழலும்; அந்தப் பக்கம் நடப்பவருக்குத் தப்பிக்க நேரம் இருக்காது. அறுத்துச் சின்னதாக்கிக் கொள்ளுங்கள், அல்லது பின்னால் தாங்கி வையுங்கள்.

பட்டறை நடத்தும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழாய்த் துண்டுக்கு நீங்கள் பார்ட்டியிடம் பேசும் ரேட், வெட்டும் நேரத்துக்கு மட்டுமே பேசும் ரேட்டாக இருக்கிறது. படி வைத்த புஷ் ஒன்று செய்யக் கைதேர்ந்த டர்னருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ரேட்டில் இடம் இல்லாததால்தான் பையன் குழாயை நேரே சக்கில் கட்டுகிறான். அவனைத் திட்டிப் பயனில்லை. அந்த நேரத்தைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போட்டுக் கேளுங்கள். செய்த புஷ்ஷை அளவு குறித்து, எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். அடுத்த ஆர்டருக்கு அது இலவசம். ஆறடி லேத்தோ நாலரை அடி லேத்தோ, 6, 8, 10, 12 என்று நான்கு விட்டத்துக்குப் புஷ் செய்து வைத்துவிட்டால் சின்னக் குழாய் வேலையில் பெரும்பகுதி அதில் முடிந்துவிடும்.

மேசையில் இரண்டு புஷ்ஷும், சக்கில் நேரே கட்டிக் கெட்டுப்போன சில துண்டுகளும், ஒரு பிளக் கேஜும் வைத்திருக்கிறேன். மாணவர்கள் கூச்சப்படாமல் வந்து கையில் எடுத்து, நுழைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.